முதலாளியே கல்லாவில் உட்காரும் சந்தை

ஏப்ரல் மாதம் மதுரையில் சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கும். அதே ஏப்ரலில் சியாட்டில் நகரத்தில், காலை எட்டரை மணிக்கு, காது மடல் விறைத்துப்போய் நின்றுகொண்டிருந்தேன். மழை என்று சொல்லவும் முடியாது, பனி என்று சொல்லவும் முடியாது. ஈரமான காற்று ஒன்று முகத்தில் படிந்துகொண்டே இருந்தது. ஆனால் தெரு முழுக்கத் தேடினாலும் ஒரு குடை இல்லை! "இந்த ஊர்க்காரங்க குடை பிடிக்க மாட்டாங்க பெரியம்மா. தொப்பிய நல்லா இழுத்து விட்டுக்கங்க" என்றாள் தங்கை மகள். அவள் இங்கே வேலைக்கு வந்து சில வருடங்கள் ஆகின்றன. குளிர் அவளுக்குப் பழகிவிட்டது.

வெஸ்ட்லேக் ரயில் நிலையத்திலிருந்து பைக் தெரு வழியாகக் கடலைப் பார்த்து நடந்தோம். ஊரே மலைச்சரிவில் இருப்பதால் கால் தானாக வேகம் பிடிக்கிறது. இரண்டு பக்கமும் கண்ணாடிக் கோபுரங்கள். கடைப் பெயர்களில் பாதி எனக்கு முன்பே தெரிந்தவை, சென்னை மால்களிலும் விமான நிலையங்களிலும் பார்த்தவை. இரண்டாவது அவென்யூ முனையில் டார்கெட் பேரங்காடி, தன் சிவப்பு வட்டத்தோடு நிற்கிறது. இத்தனை கடல் தாண்டி வந்து இதே பெயர்ப் பலகைகளையா பார்க்கப்போகிறோம் என்று மனசு கொஞ்சம் சுணங்கியது உண்மை.

அடுத்த தெருவைத் தாண்டியதும் காலுக்கடியில் செங்கல் பாவிய சாலை வந்தது. எதிரே ஒரு பழைய கூரை, அதன்மேல் பெரிய கடிகாரம், பக்கத்தில் சிவப்பு நியான் எழுத்துகளில் 'பப்ளிக் மார்க்கெட் சென்டர்'. பின்னால் எலியட் விரிகுடா. வானம் எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத ஒரே சாம்பல் நிறம். கப்பல் ஒன்று நீளமாக ஊளையிட்டது. உப்புக் காற்று, வறுத்த காப்பிக்கொட்டை, ஈரமான மரம், எங்கோ வெண்ணெயில் வேகும் ரொட்டி, எல்லாம் சேர்ந்து ஒரு வாசனை. அந்தச் சிவப்பு எழுத்துகளுக்கு அந்தப் பக்கம் எனக்குத் தெரிந்த கடைப் பெயர் ஒன்றுகூட இல்லை. இல்லை, ஒன்றே ஒன்று இருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

பைக் பிளேஸ் மார்க்கெட் என்பது இந்த இடத்தின் பெயர். நகரத்தின் நட்டநடு மையத்தில், கடலைப் பார்த்த செங்குத்தான சரிவில், அடுக்கடுக்காக இறங்கும் நூறு வருடக் கட்டடங்கள். அதற்குள் இருநூறுக்கும் மேற்பட்ட சின்னக் கடைகள். அமெரிக்க நகர மையங்களில் இப்படிப்பட்ட பழைய கட்டடத்தைப் புதுப்பித்தால் முதலில் உள்ளே வருவது ஊரெல்லாம் கிளை வைத்திருக்கும் பெரிய கடைகள்தான். அவர்களால்தான் அந்த வாடகை கொடுக்க முடியும். இங்கே அவர்கள் இல்லை. எப்படி இல்லாமல் போனார்கள் என்பதைத் தெரிந்துகொண்டபோதுதான் எனக்கு உண்மையில் வாய் பிளந்தது.

மதுரைக்காரிக்குக் கால் முதலில் எங்கே போகும்? பூக்கடைக்குத்தான். நீளமான கூரைக்குக் கீழே மேசைக்கு மேசை பூ. டாஃபடில், டியூலிப் என்று படத்தில் மட்டுமே பார்த்திருந்தவை வாளி வாளியாக நிற்கின்றன. மஞ்சள் என்றால் அப்படி ஒரு மஞ்சள்; அந்தச் சாம்பல் வானத்துக்குக் கீழே விளக்கு ஏற்றி வைத்தது போல. குனிந்து முகர்ந்து பார்த்தேன். டியூலிப்பில் வாசனை அநேகமாக இல்லை! இவ்வளவு அழகை வைத்துக்கொண்டு வாசனை இல்லாமல் ஒரு பூ எப்படி இருக்கும் என்று எனக்கு ஆற்றவே இல்லை. முழக்கணக்கும் கிடையாது, கொத்துக் கணக்குதான். 

பூ விற்பவர்களில் பலர் மோங் இனத்தவர். லாவோஸ் மலைநாட்டிலிருந்து, 1970-களில் போர் முடிந்தபின் அகதிகளாக அமெரிக்கா வந்த குடும்பங்கள். பக்கத்துப் பள்ளத்தாக்குகளில் நிலம் பிடித்துப் பயிரிடுகிறார்கள். என் வயதிருக்கும் ஓர் அம்மா கொத்துக் கட்டுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இடது கையில் முதலில் ஒரு டியூலிப், அதைச் சுற்றிச் சாய்வாக நாலைந்து, ஒவ்வொன்று வைக்கும்போதும் கொத்து ஒரு சுற்றுத் திரும்புகிறது. தண்டுகள் கீழே தாமாகவே விசிறி போல விரிகின்றன. கத்தியால் ஒரே வெட்டு. ஈரத்தில் ஊறி வெளுத்த விரல் நுனிகள், நகக்கண்ணில் கறுப்பு மண். வெள்ளைத் தாளில் சுருட்டி என் கையில் கொடுத்தபோது தாளையும் மீறி ஜில்லென்றது. நகக்கண்ணில் மண் இருந்தது என்று சொன்னேன் அல்லவா, அந்த மண்தான் இந்தச் சந்தையின் சட்டம். நாள் வாடகைக்குக் கொடுக்கும் இந்தத் தாழ்ந்த மேசைகளில் வெளியே மொத்தமாக வாங்கிவந்து யாரும் விற்க முடியாது. விவசாயி என்றால் விளைவித்திருக்க வேண்டும். கைவினைஞர் என்றால் தன் கையால் செய்திருக்க வேண்டும். விளைவித்தவரைச் சந்தியுங்கள் என்று பொருள்படும் பலகையே ஆங்காங்கே தொங்குகிறது. வாங்கி விற்கும் பழக்கடைகளும் உண்டு. அவற்றுக்கு நிரந்தரமான உயர்ந்த மேசைகள், தனிக் கணக்கு.

கைவினைக்காரர்களுக்கு மேசை ஒதுக்கும் விதம் இன்னும் வேடிக்கை. தினமும் காலையில் எல்லோரும் ஓரிடத்தில் கூடுகிறார்கள். 'மார்க்கெட் மாஸ்டர்' என்ற அதிகாரி பேர் கூப்பிடுகிறார். யார் அதிக வருடமாக இங்கே விற்கிறாரோ அவருக்கு முதல் மேசை, அப்புறம் அடுத்தவர். பணம் அதிகம் கொடுத்து முன்னால் போக வழியே இல்லை! விவசாயிகளுக்கு எல்லாரையும்விட முன்னுரிமை. மண்பாண்டம் செய்பவர், தோல் பை தைப்பவர், வெள்ளி மோதிரம் வார்ப்பவர் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு அன்றைய மேசைக்குப் போகிறார்கள்.

அதற்குள் ஒரு பெருங்கூச்சல். ஏதோ சண்டை என்று நினைத்தேன். "பெரியம்மா, தலையக் குனிங்க!" என்று தங்கை மகள் தோளைப் பிடித்து அமுக்கினாள். தலைக்கு மேலே ஒரு மீன் பறந்து போனது. முழு சால்மன் மீன்! ஆரஞ்சு நிற ரப்பர் உடை போட்ட ஓர் ஆள் ஐஸ் மேட்டிலிருந்து எடுத்து வீச, கல்லாவுக்குப் பின்னால் நின்றவர் காகிதத்தோடு சேர்த்துப் பிடித்தார். வாங்கியவர் பெயரும் ஊரும் கடை ஆட்கள் வாயில் ஒரே குரலில் எதிரொலிக்கின்றன. ஐஸ் மேட்டில் அகன்ற வாயோடு ஒரு பேய்முக மீன் கிடந்தது. ஒரு சிறுவன் கிட்டப் போய்க் குனிந்தபோது அது திடீரென்று தாவியது. மறைவாகக் கயிறு கட்டி இழுத்திருக்கிறார்கள்! கூட்டம் முழுக்க அலறிச் சிரித்தது. பக்கத்துத் தட்டில் கூயிடக் என்ற ஒரு சிப்பி. ஓட்டுக்குள் அடங்காமல் கழுத்து மட்டும் முழ நீளத்துக்கு வெளியே தொங்குகிறது. கடவுள் இதை எந்த நேரத்தில் படைத்தார் என்று இன்னமும் யோசிக்கிறேன். இத்தனை மீனுக்கு நடுவிலும் நாம் நினைக்கும் மீன் கவிச்சி இல்லை. ஐஸும் கடலும் சேர்ந்த ஒரு குளிர்ந்த வாசனை, அவ்வளவுதான்.

இந்தப் பைக் பிளேஸ் மீன்கடையை ஜான் யோகோயாமா என்பவர் 1965-இல் வாங்கி அரை நூற்றாண்டுக்கு மேல் நடத்தினார். 2018-இல் அவர் ஓய்வுபெற்றபோது கடையை விற்றது யாருக்குத் தெரியுமா? தன்னிடம் மீன் வீசிக்கொண்டிருந்த வேலையாட்கள் நான்கு பேருக்கு. உலகமெல்லாம் பெயர் தெரிந்த கடை, எந்தப் பெரிய நிறுவனமும் வாங்கியிருக்கும். அது நடக்கவில்லை. இதைக் கேட்டதும் மீனைவிட அந்த ஆட்களைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

சரி, அந்த ஒரே ஒரு பெயருக்கு வருகிறேன். மீன்கடையிலிருந்து செங்கல் சாலையைக் குறுக்கே கடந்தால் ஒரு நீண்ட வரிசை. முக்கால்வாசிப் பேர் கையில் போன். வரிசையின் தலையில் 1912 என்ற இலக்கமுள்ள ஒரு குறுகிய கடை. பழுப்பு நிறத்தில் இரட்டை வால் கடற்கன்னி. ஸ்டார்பக்ஸ்! உலகம் முழுக்க நாற்பதாயிரத்துக்கும் மேல் கடைகள் வைத்திருக்கும் ஸ்டார்பக்ஸின் ஆதிக்கடை என்று மக்கள் வந்து தொழுது நிற்கும் இடம் இதுதான். 1971-இல் இரண்டு ஆசிரியர்களும் ஓர் எழுத்தாளரும் சேர்ந்து பக்கத்து வெஸ்டர்ன் அவென்யூவில் தொடங்கினார்கள். சில வருடங்களில் இந்த இடத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். அப்போது அவர்கள் காப்பி போட்டுக் கொடுக்கவே இல்லை. வறுத்த கொட்டை, தேயிலை, மசாலாப் பொருள்கள் எடைபோட்டு விற்ற கடை. உள்ளே உட்கார நாற்காலி கிடையாது. வெளியே பாட்டுக்காரர்கள் கிதார் வாசித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

செயின் கடை வரக்கூடாது என்ற சந்தைக்குள் உலகத்தின் மிகப் பெரிய செயின் கடைகளில் ஒன்றின் முதல் கண்ணி! எனக்குத் தலை சுற்றியது. தங்கை மகளைக் கேட்டேன். "இங்க பொறந்த கடைய விரட்ட முடியாது பெரியம்மா. வெளில இருந்து கிளை தொறக்க வர்றவங்களத்தான் விடமாட்டாங்க" என்றாள். விதியே அப்படித்தான் இருக்கிறது. இங்கே முளைத்து வெளியே படர்ந்தால் இருக்கலாம். வெளியே படர்ந்தது உள்ளே வேர்விட வரக்கூடாது. கடையின் முகப்பையும் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. உலகமெங்கும் பச்சையாகிவிட்ட கடற்கன்னி இங்கே இன்னும் பழைய பழுப்பு நிறத்தில் இருக்கிறாள்.

இந்த விதி வானத்திலிருந்து விழவில்லை. கதை வெங்காயத்தில் தொடங்குகிறது. 1906, 1907 வாக்கில் இந்த ஊரில் ஒரு பவுண்டு வெங்காயம் 10 சென்ட்டிலிருந்து ஒரு டாலருக்கு ஏறியது. நடுவில் இருந்த கமிஷன் மண்டிக்காரர்கள் கொழிக்க, விளைவித்தவனுக்கும் ஒன்றுமில்லை, வாங்கியவனுக்கும் வயிற்றெரிச்சல். தாமஸ் ரெவெல் என்ற நகரமன்ற உறுப்பினர் முன்னின்று, விவசாயி நேரடியாக வண்டியை நிறுத்தி விற்க இந்தத் தெருமுனையை ஒதுக்கச் செய்தார். 1907 ஆகஸ்ட் 17, சனிக்கிழமை. ஏழெட்டு வண்டிகள்தான் வந்தன. ஆயிரக்கணக்கில் கூடிய மக்கள் மதியத்துக்கு முன்பே வண்டிகளைக் காலி செய்துவிட்டார்கள். வெங்காய விலை ஏறினால் அரசாங்கமே ஆடும் நாட்டிலிருந்து வந்த எனக்கு அதை நம்புவதில் ஒரு சிரமமும் இல்லை.

பிறகு நல்ல காலமும் வந்தது, கெட்ட காலமும் வந்தது. பிரதான நுழைவாயிலில் நிமிர்ந்து பார்த்தால் அகி சோகாபே என்ற ஓவியர் செய்த பலகைகள் வரிசையாக இருக்கின்றன. ஜப்பானிய அமெரிக்க விவசாயிகளின் கதை அது. இரண்டாம் உலகப் போருக்கு முன் இந்த மேசைகளில் பாதிக்கு மேல் அவர்களுடையவை. 1942-இல் அரசு உத்தரவின் பேரில் மேற்குக் கரையில் இருந்த ஜப்பானிய வம்சாவளியினர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை முள்வேலி முகாம்களில் அடைத்தார்கள். மேசைகள் காலியாயின. பலர் திரும்பி வரவே இல்லை. கீழே கூட்டம் பீச் பழம் ருசி பார்த்துக்கொண்டு நகர்கிறது. மேலே அந்தக் குடும்பங்கள் வயலில் குனிந்து நிற்கின்றன. எனக்கு அந்த இடத்தை விட்டு நகர நேரம் பிடித்தது.

போருக்குப் பின் புறநகர்களும் சூப்பர் மார்க்கெட்டுகளும் வந்தன. சந்தை இளைத்தது, கூரை ஒழுகியது. 1963-இல் இதை இடித்துவிட்டு அடுக்குமாடிகளும் அலுவலகங்களும் பெரிய கார் நிறுத்தமும் கட்டத் திட்டம் போட்டார்கள். வணிகப் பெரியவர்கள், நகர நிர்வாகம், மத்திய அரசின் நகரச் சீரமைப்புப் பணம், எல்லாம் அந்தப் பக்கம். இந்தப் பக்கம் விக்டர் ஸ்டைன்புரூக் என்ற கட்டடக்கலைப் பேராசிரியர். இந்த ஊரின் அடையாளமான ஸ்பேஸ் நீடில் கோபுரத்தின் வடிவமைப்பில் பங்குபெற்றவர். புதியதைக் கட்டத் தெரிந்த மனிதர் பழையதற்காகத் தெருவில் இறங்கினார். 1964-இல் சந்தையின் நண்பர்கள் என்ற அமைப்பு உருவானது. ஸ்டைன்புரூக் சந்தையில் உட்கார்ந்து வரைந்துகொண்டே இருந்தார். தூண்களை மட்டும் அல்ல. கிழவர்கள், பெஞ்சுகள், மீன் தராசு, விலை எழுதிய அட்டை எல்லாவற்றையும். அந்தக் கோட்டோவியங்கள் 1968-இல் புத்தகமாக வந்தன. வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கி, சந்தையைக் காப்பாற்றலாமா என்ற கேள்வியை வாக்குச்சீட்டில் ஏற்றினார்கள். 1971 நவம்பர் 2 அன்று ஊரே வாக்களித்தது. காப்பாற்று என்றவர்கள் 76 ஆயிரத்துக்கும் மேல், வேண்டாம் என்றவர்கள் 53 ஆயிரத்துச் சொச்சம். ஒரு காய்கறிச் சந்தைக்காக ஒரு பெருநகரம் வாக்குச்சாவடிக்குப் போயிருக்கிறது! 

இதில் என்னை உலுக்கிய விஷயம் அவர்கள் எதைக் காப்பாற்றினார்கள் என்பது. கட்டடத்தை மட்டும் பாதுகாத்திருந்தால், தூண் அப்படியே நின்றிருக்கும், தூணுக்கு நடுவில் யார் வேண்டுமானாலும் வந்திருக்கலாம். இவர்கள் உள்ளே நடக்கும் தொழிலையும் சேர்த்துப் பாதுகாத்தார்கள். ஏழு ஏக்கரைப் பாரம்பரிய வட்டாரமாக அறிவித்து, பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு குழுவை அமைத்தார்கள். கட்டடக் கலைஞர்களும் சந்தையின் நண்பர்களும் மட்டுமல்ல, இங்கே கடை வைத்திருப்பவர்களுக்கும் குடியிருப்பவர்களுக்கும் அதில் இடம் உண்டு. சுவருக்கு வண்ணம் மாற்ற வேண்டுமா, இந்தக் குழு. செருப்புக்கடையை நகைக்கடையாக்க வேண்டுமா, இதே குழு. கடை கைமாறினாலும் இதே குழு. 1973-இல் நகரம் உருவாக்கிய ஒரு பொதுநல அமைப்புதான் பெரும்பாலான கட்டடங்களுக்குச் சொந்தக்காரர். லாபம் எடுத்துக்கொண்டு போக முதலாளி இல்லாத வீட்டுக்காரர். வாடகைக்கு வருகிறவரிடம் முதலில் எதிர்பார்ப்பது, கடையின் சொந்தக்காரரே உள்ளே நின்று நடத்த வேண்டும் என்பது. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், முதலாளி கல்லாவில் உட்கார வேண்டும்.

ஊர்ப் பணம் விட்டாலும் வெளியூர்ப் பணம் விடுமா? 1980-களில் வரிச்சலுகைக்காகச் செய்துகொண்ட ஓர் ஏற்பாட்டைப் பிடித்துக்கொண்டு, நியூயார்க் முதலீட்டாளர்கள் சில சந்தைக் கட்டடங்கள் எங்களுடையவை என்று உரிமை கொண்டாடினார்கள். ஊர் மறுபடி கொதித்தது. வழக்கும் பேச்சுமாக இழுத்து, 1991-இல் பணம் கொடுத்து முடித்தார்கள். பாஸ்டன் நகரத்தின் கதையையும் இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே 1826-இல் கட்டிய குவின்சி மார்க்கெட்டை 1976-இல் அருமையாகப் புதுப்பித்துத் திறந்தார்கள். முதலில் உள்ளூர்க் கடைகளும் தள்ளுவண்டிகளும்தான். நாடெங்கும் கிளை வைத்த கடைகள் பிறகு ஒவ்வொன்றாக நுழைந்தன. அங்கே 1820-களில் தொடங்கிய டர்கின்-பார்க் என்ற சாப்பாட்டுக்கடை 2019-இல் மூடப்பட்டது. கருங்கல் கட்டடம் இன்றும் கம்பீரமாக நிற்கிறது.

மதியம் பசி வயிற்றைக் கிள்ளியது. ரஷ்யப் பன் சுடும் பிரோஷ்கி பிரோஷ்கியில் ஜன்னல் வழியாகவே மாவு பிசைவதைப் பார்க்கலாம். மீன் வடிவத்திலேயே செய்து செதில்கூடக் கீறியிருந்த பன்னுக்குள் புகைபோட்ட சால்மன். கையில் வாங்கியபோது சுட்டது, அந்தக் குளிருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்! மிளகுத்தூள் மட்டும் இருந்திருந்தால் கோவில் கட்டியிருப்பேன். 1912 முதல் இருக்கும் 'த்ரீ கேர்ள்ஸ்' பேக்கரியின் பெயர்ப் பலகைக்குக் கீழே நின்று சாப்பிட்டோம். சாப்பிட்டுக்கொண்டே மேலே பார்த்தேன். மாடி ஜன்னலில் துணி காய்ந்துகொண்டிருந்தது, ஒரு பாட்டி தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். "மேல யாரும்மா இருக்காங்க?" "வசதி கம்மியானவங்க பெரியம்மா, பாதிக்குமேல வயசானவங்க." கடலைப் பார்த்த அந்த வீடுகளின் சந்தை விலையை நினைத்துப் பாருங்கள்! நானூறு பேருக்கு மேல் இங்கே குடியிருக்கிறார்கள். இதே வளாகத்துக்குள் மருத்துவ நிலையம், முதியோர் மையம், குழந்தைகள் காப்பகம், இல்லாதவர்களுக்கு உணவுப் பொருள் கொடுக்கும் இடம் எல்லாம் இருக்கின்றன. நுழைவாயிலில் ரேச்சல் என்ற வெண்கலப் பன்றி நிற்கிறது. எடை 550 பவுண்டு. அதன் முதுகுப் பிளவில் போகிறவர் வருகிறவர் போடும் காசு இந்தச் சேவைகளுக்குத்தான். நானும் போட்டேன். மூக்கு மட்டும் கை பட்டுப் பட்டுப் பொன்னாக மின்னுகிறது.

கீழ்த் தளங்கள் இன்னொரு உலகம். மரத்தரை கிறீச்சிடும் வளைவு நெளிவான நடைகள். மேஜிக் சாமான் கடை, பழைய படக்கதைக் கடை, தேயிலைக் கடை, பழைய வரைபடங்கள் தொங்கும் கடை. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. பெரிய நிறுவனத்தின் திட்டக்குழு இப்படி ஒரு வரிசையை உட்கார்ந்து யோசித்திருக்கவே முடியாது. மேஜிக் கடைக்காரர் ஒரு நாணயத்தை எங்கள் கண்முன்னே மறைத்துவிட்டு, தங்கை மகளின் தோள்பைக்குள் இருந்து எடுத்தார். அவர் வற்புறுத்தி எதையும் விற்கவில்லை. அடுத்த நிமிடம் ஒரு சின்னப் பையனுக்குச் சீட்டை எப்படிப் பிடிப்பது என்று சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார்.

போஸ்ட் ஆலி என்ற சந்தில் ஒரு சுவர் முழுக்க மென்று ஒட்டிய சூயிங்கம். ஆமாம், சூயிங்கம்தான்! 1990-களில் நாடகத்துக்கு வரிசையில் நின்றவர்கள் தொடங்கிய வழக்கம். 2015-இல் நீராவி அடித்துச் சுரண்டியபோது ஒரு டன்னுக்கு மேல் வந்ததாம். மறுபடியும் அதே உயரத்துக்கு ஒட்டிவிட்டார்கள். இனிப்பும் புளிப்புமாக ஒரு வாடை. இந்த ஒன்றை மட்டும் என்னால் ரசிக்க முடியவில்லை, சீக்கிரம் நகர்ந்துவிட்டேன்.

குறை இல்லாத இடம் என்று சொல்ல மாட்டேன். மத்தியானத்துக்கு மேல் தோளோடு தோள் இடிக்கும் கூட்டம். அதில் பெரும்பாலோர் என்னைப் போலச் சுற்றிப்பார்க்க வந்தவர்கள். படம் எடுப்பவர்கள் பத்துப் பேர் என்றால் கீரைக்கட்டு வாங்குபவர் ஒருவர். உள்ளூர்க்காரர்கள் அதிகாலையில் வந்து வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். குழுவின் விதிகள் சின்னக் கடைக்காரருக்கே சில நேரம் கையைக் கட்டும். பலகையை மாற்றக்கூட அனுமதிக்குக் காத்திருக்க வேண்டும். ஆனாலும் என் மனசு விதியின் பக்கம்தான். விதி தளர்ந்தால் முதலில் காலியாகிற மேசை அந்தப் பூக்கார அம்மாவுடையது.

எனக்கு அன்றைக்கெல்லாம் புதுமண்டபம் நினைவாகவே இருந்தது. மீனாட்சி கோவில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, திருமலை நாயக்கர் கட்டிய வசந்த மண்டபம். கல்யானைக்கும் யாளிக்கும் நடுவில் தையல் மிஷின்கள் தடதடக்கும். என் கல்யாண ரவிக்கைகள் அங்கேதான் தைத்தவை. பாத்திரம், வளையல், பஞ்சாங்கம், பக்திப் புத்தகம், திருவிழாவுக்குச் சாமி வேஷத் துணி, எல்லாம் அங்கே கிடைத்தன. சிற்பங்களைப் பாதுகாக்க வேண்டும் என்று சில ஆண்டுகளுக்கு முன் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றினார்கள். எண்ணெய்ப் பிசுக்கும் ஆணியும் பட்ட சிற்பங்களைப் பார்த்தவள் என்பதால் அந்த முடிவை நான் தவறு என்று சொல்ல மாட்டேன். கடைக்காரர்களுக்கு மாற்று இடமாவது கொடுத்தார்களே என்பதும் ஆறுதல்தான். ஆனால் பழைய கட்டடத்தைப் பற்றிப் பேச உட்காரும் எந்தக் கூட்டத்திலும் தையல்காரருக்கு ஒரு நாற்காலி போட வேண்டும். சியாட்டிலில் போட்டிருக்கிறார்கள், வாக்கோடு போட்டிருக்கிறார்கள். நம் ஊர்களில் பழைய சந்தைகளையும் சத்திரங்களையும் புதுப்பிக்கும் வேலை வேகமாக நடக்கிற காலம் இது. திறப்பு விழாவில் விளக்கொளியைப் பார்த்து மகிழ்வோம். அதோடு, முன்பு இங்கே கடை போட்டிருந்தவர் இப்போது எங்கே, புது வாடகை எவ்வளவு என்று இரண்டு கேள்விகளையும் கேட்டுவிடுவோம்.

சியாட்டில் பக்கம் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் இங்கே கட்டாயம் போங்கள். காலை ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள், கையுறை மறக்காதீர்கள். கடற்கன்னியின் வரிசையில் நிற்க ஆசைப்பட்டால் நில்லுங்கள், அதுவும் இந்தச் சந்தையின் பிள்ளைதான். ஆனால் அதற்கு முன்னால் எதிர்ப்பக்கத்துத் தாழ்ந்த மேசைகளில் ஏதாவது ஒன்று வாங்குங்கள். ஒரு கொத்துப் பூவோ, ஒரு சீசாத் தேனோ. இது நீங்கள் விளைவித்ததா என்று கேளுங்கள். எந்தப் பள்ளத்தாக்கு, எந்த மாதம் நட்டது, இந்த வருடம் மழை எப்படி என்பதுவரை அவர்கள் சொல்வார்கள்.